திலகவதி வாசித்துக் கொடுத்த வம்சம்

டாக்டர்கள் எழுதியதை டாக்டர்களுக்கே வாசித்துக் காட்டுகிற வேலையைத் திலகவதி அக்கா முப்பத்து நான்கு வருஷம் பார்த்தார். மலேசிய அரசாங்கப் பட்டியலில் அப்படி ஒரு உத்தியோகம் கிடையாது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற அறையில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே பதினோரு வருஷம் இருந்தேன். பழைய கோப்பைத் தேடி வருகிற இளம் டாக்டர்கள், எந்தக் காலத்திலோ வேறொரு டாக்டர் கிறுக்கி வைத்ததைப் பார்த்து முழிப்பார்கள். பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வருவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஒரு மூச்சில் படித்துவிடுவார்.

“எழுத்தப் பாக்கக் கூடாது புவனேஸ். கை எந்தப் பக்கம் போயிருக்குன்னு பாக்கணும்,” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

அவருடைய கண்கள் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கவுண்டருக்கு வருகிறவர்கள் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு, “நீங்க சிரானியா?” என்று கேட்பார்கள். வெள்ளைக்காரக் கலப்புள்ள குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அக்கா, “இல்ல, ஆட்டுப்பண்ணை,” என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

ஆட்டுப்பண்ணை என்பது மந்தின் பக்கம் இருந்த ரப்பர் தோட்டம். அங்கே ஒரு நாளும் ஆட்டுப்பண்ணை இருந்ததில்லை. கம்பெனிக் காகிதத்தில் அதன் பெயர் ஆர்ட்பின்னி எஸ்டேட். அந்தப் பெயர் நம் ஆட்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து ஆட்டுப்பண்ணை ஆகிவிட்டது. இப்போது அதில் பாதி செம்பனை, பாதி வரிசை வீடுகள்.

அக்காவின் அம்மா மயிலம்மாள் அங்கே பால்மரம் வெட்டியவர். அவருடைய நிரை, அதாவது அவர் வெட்டுகிற மர வரிசை, சின்னத்துரையின் பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. சின்னத்துரை என்றால் உதவி மேனேஜர். அப்போது இருந்தவர் ராபர்ட் ரெனி என்ற ஸ்காட்லாந்துக்காரர், இருபத்தாறு வயது. 1954-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் மயிலம்மாளுக்கும் வீரமுத்து என்ற பால்மரத் தொழிலாளிக்கும் கல்யாணம் நடந்தது. ஆடியில் தோட்டத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒரு மாதம் பொறுத்தால் ஆவணி. அந்த ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. தீபாவளிக்குள் வீரமுத்து, தொழிலாளிகளை மேற்பார்க்கிற மண்டோர் ஆகிவிட்டார். மார்ச் மாதம் திலகவதி பிறந்தபோது ஏழாம் மாதத்துப் பிள்ளை என்று சொன்னார்கள். நல்ல கொழுகொழுவென்றுதான் இருந்ததாம். அதற்குள் ரெனி துரையை ஜொகூரில் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவர் ஊருக்கே போய்விட்டார்.

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் திலகவதியின் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, ஒருவரைத் தவிர. வீரமுத்து சம்சு குடித்துவிட்டு வந்தால் மயிலம்மாளை அடிப்பார். அடிக்கும்போது, “தொர வீட்டு மிச்சம்,” என்று சொல்லித்தான் அடிப்பார். மகளை அவர் அடித்ததே இல்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. “அந்தப் புள்ள சாப்டுச்சா?” என்றுதான் கேட்பார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது நாங்கள் ரெக்கார்ட் அறையில் கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். “பாசமான்னு கேக்காத. பயம்னு நெனைக்கிறேன். தொட்டா மண்டோர் வேல போயிருமோன்னு,” என்றார்.

மயிலம்மாள் 2012-இல் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். கடைசி வாரத்தில் அக்கா தினமும் மதியம் வார்டுக்குப் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். ஒரு நாள் போகும்போதே முடிவு பண்ணிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டார். “அம்மா, எங்கப்பா யாரு?”

“மண்டோரு மகள்னுதான் எழுதியிருக்கு.”

“எழுதினத நான் கேக்கலம்மா.”

“எழுதினத எதுக்குடி கிண்டுற?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அக்கா 2015-இல் ஓய்வு பெற்றார். கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் மோகனா கோலாலம்பூரில் பேங்க் வேலை. சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோய் வீட்டில் அக்கா தனியாக இருந்தார். மகள் தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்து, “நாடகம் பாருங்கம்மா, பொழுது போவும்,” என்று சொன்னாள். அக்கா நாடகம் பார்க்கவில்லை. முதலில் ‘ரெனி’ என்று தேடினார். ஆயிரக்கணக்கில் வந்தது. பிறகு ‘ஆர்ட்பின்னி’ என்று தேடினார். அது ஸ்காட்லாந்தில் கிழக்குக் கரையோரம் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர், அங்கே ஒரு தேவாலயம் இருக்கிறது, முந்நூறு வருஷத்துப் பதிவேடுகள் இருக்கின்றன என்று வந்தது. எனக்குப் போன் செய்தார்.

“புவனேஸ், ஆட்டுப்பண்ணை ஸ்காட்லாந்துல இருக்குலா!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நாட்டில் அரசாங்கம் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது 1855-இல்தான். அதற்கு முந்திய காலத்துக்கு ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் வைத்திருந்த பதிவேடுதான் கதி: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். இறகுப் பேனாவில் எழுதிய எழுத்து. மை ஊறி இந்தப் பக்கத்து வரி அந்தப் பக்கம் தெரியும். அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அக்கா ஆறேழு மாதம் உட்கார்ந்து அந்தப் பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டார். எங்கள் டாக்டர்கள் எழுத்துக்கு இது எவ்வளவோ தேவலாம் என்றார்.

பழைய பதிவு தேடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில்தான் மார்கரெட் கிடைத்தாள். ஒரு பக்கத்தின் படத்தைப் போட்டு, மூன்றாவது வரி வாசிக்க முடியவில்லை, யாராவது உதவ முடியுமா என்று கேட்டிருந்தாள். கீழே தன்னைப் பற்றி இரண்டு வரி. தன் அப்பா ராபர்ட் ரெனி, மலாயாவில் தன் முன்னோர்களின் ஊர்ப் பெயரையே கொண்ட தோட்டத்தில் வேலை பார்த்தவர், 2003-இல் காலமானார், குடும்ப வரலாற்றை ஒரு புத்தகமாகப் போட ஆசை.

அக்கா அந்த வரியை வாசித்து அனுப்பினார். தான் யார் என்று சொல்லவில்லை. ஆர்ட்பின்னி எஸ்டேட்டில் பிறந்தவள் என்று மட்டும் சொன்னார். மார்கரெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் கடிதப் போக்குவரத்து நடந்தது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் நாலு. அக்கா ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொல்லுவார். நான் சனிக்கிழமைகளில் மந்தினிலிருந்து பாரோய்க்கு அவரைப் பார்க்கப் போவேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். கறிவேப்பிலை ஆய்கிற தட்டுக்குப் பக்கத்தில் ரெனி குடும்பத்தின் கல்யாணங்கள்.

மோகனாவுக்குப் பிடிக்கவில்லை. என் முன்னாலேயே ஒரு தடவை கேட்டாள். “அந்த ஆளு பாட்டிய விட்டுட்டுப் போனவன்மா. அவன் வம்சத்துக்கு நீங்க உக்காந்து எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்கீங்க. ரோஷம் வேணாம்?”

“ஒனக்குத் தெரியாது, சும்மா இரு,” என்றார் அக்கா.

மார்கரெட் தன் அப்பாவைப் பற்றி நிறைய எழுதுவாள். மலாயாவை அவர் கடைசிவரை மறக்கவில்லையாம். மழை வந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பாராம். சாகும்வரை வீட்டு நாயிடம் தமிழில்தான் பேசுவாராம். வா, போ, உக்காரு, சாப்டியா என்று. அது என்ன மொழி என்று சின்ன வயதில் தங்களுக்குத் தெரியாது, நாய்களின் மொழி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாள்.

இதை எனக்குச் சொல்லிவிட்டு அக்கா லேப்டாப்பை மூடினார். “சாப்டியான்னு கேட்டிருக்கான் பாரு,” என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு நாள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். 1954, பெரட்டுக்களம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். முள்கம்பி வேலிக்கு முன்னால் ஆறு பால்மரத் தொழிலாளிகள், ஓரத்தில் அரைக்கால் சட்டையோடு ரெனி துரை. இவர்கள் யாரென்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். அக்கா ஆறு பேரையும் பெயர் சொல்லி எழுதினார். இடமிருந்து நாலாவது, தலையில் துண்டு கட்டியிருக்கிற பெண், மயிலம்மாள். “என் அம்மா” என்று அடைப்புக்குறிக்குள் போட்டார். மார்கரெட் மிகவும் சந்தோஷப்பட்டாள். எவ்வளவு அழகான பெண் என்றாள்.

இதற்கிடையில் அக்கா படிப்படியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். ராபர்ட்டின் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா. 1792-இல் வந்து ஒரு முட்டு. வில்லியம் ரெனி என்று ஒருவர். அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாம் இருக்கிறது. அவருடையது எங்கேயும் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்ப் பதிவேடுகளிலும் இல்லை. எட்டு மாதம் தேடினார். மார்கரெட், விட்டுவிடுங்கள், இவ்வளவு போதும் என்று எழுதிவிட்டாள். அக்காவுக்கு விட மனம் வரவில்லை.

கடைசியில் பதிவேட்டில் தேடுவதை விட்டுவிட்டு, அந்தத் தேவாலயத்து மூப்பர்கள் கூடிப் பேசியதை எழுதி வைத்த குறிப்புகளில் தேடினார். அதில்தான் இருந்தது. 1761-ஆம் வருஷம்.

இசபெல் என்று ஒரு வேலைக்காரப் பெண். கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை. மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டு, யார் என்று கேட்கிறார்கள். தான் வேலை பார்க்கிற பண்ணைக்காரரின் மகன் ஜான் ரெனி என்கிறாள். ஜான் ரெனியைக் கூப்பிடுகிறார்கள். அவன் இல்லை என்கிறான். மறுபடி அவளைக் கூப்பிடுகிறார்கள். மறுபடி அதே பெயர். மூன்று ஞாயிறு அவளைச் சபைக்கு முன்னால் நிற்க வைத்து எல்லாரும் பார்க்கப் போதகர் திட்டுகிறார். அப்போதும் பெயர் மாறவில்லை. பிரசவ வலியில் அவள் துடிக்கும்போது, தகப்பன் பெயரைச் சொன்னால்தான் கை வைப்பேன் என்று மருத்துவச்சி நிற்கிறாள். இசபெல் அதே பெயரைச் சொல்கிறாள். மருத்துவச்சி வந்து மூப்பர்களிடம் சாட்சி சொல்கிறாள். அதற்கப்புறம் ஜான் ரெனி தலை குனிந்து வந்து ஒப்புக்கொள்கிறான். குறிப்பெழுதியவர் எழுதுகிறார்: வில்லியம், ஜான் ரெனிக்கும் இசபெலுக்கும் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகன்.

ரெனி என்ற பெயர் ராபர்ட் துரைவரைக்கும் வந்து சேர்ந்தது அந்த வேலைக்காரி பேச்சை மாற்றாததால்தான்.

அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை. உடனே வா என்றார், போனேன். திரையைக் காட்டினார். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அவர் விரலை வைத்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பாவி பசங்க, வயித்துப்புள்ளக்காரிய மூணு வாரம் நிக்க வச்சிருக்காங்க,” என்றேன்.

“நிக்க வச்சாங்க, கேவலப்படுத்துனாங்க, எல்லாம் சரி. ஆனா கேட்டாங்கல்ல புவனேஸ்? யாருன்னு கேட்டாங்கல்ல? எங்கம்மாள ஒருத்தனும் கேக்கல. பெரிய தொர கேக்கல, கிராணி கேக்கல. ஆடி மாசத்துல ஒரு சேலையக் கட்டி வீரமுத்து பக்கத்துல நிறுத்திட்டாங்க.”

இதைக் கண்டுபிடித்ததை மார்கரெட்டுக்கு எழுதினார். குடும்பத்துக்குக் களங்கம் என்று நினைப்பாளோ என்று ஒரு தயக்கம் இருந்தது. அவள் அப்படி நினைக்கவில்லை. படித்துவிட்டு அழுதேன் என்று எழுதினாள். என் வீரப்பெண் இசபெல், இவள் இல்லாமல் நாங்கள் யாரும் இல்லை, புத்தகத்தின் முதல் அத்தியாயமே இவள்தான் என்றாள். உண்மையை மறைத்து வைக்கிற காலம் முடிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாள்.

“இப்பச் சொல்லிருங்கக்கா,” என்று சொன்னது நான்தான். அதை ஒளிக்க முடியாது. இப்படி எழுதுகிற ஒருத்திக்கு உங்கள் அம்மா கதையும் புரியும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கா பத்து நாள் யோசித்தார். பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். கெஞ்சல் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. தேதிகள், இடம், கல்யாணம் நடந்த மாதம், அந்த மாதத்தில் நாங்கள் கல்யாணம் வைக்க மாட்டோம் என்ற விளக்கம். தன் முகத்தின் படம் ஒன்று. எனக்கு எதுவும் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று முடித்திருந்தார்.

ஒரு வாரம், இரண்டு வாரம். ஏழு வாரம் பதில் இல்லை. அந்த ஏழு வாரத்தில் அவர் ஒரு சுற்று இளைத்துவிட்டார். பசாரில் பார்த்தவர்கள் சர்க்கரையா என்று கேட்டார்களாம்.

எட்டாவது வாரம் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் கடிதம் என்னைப் பாதித்தது என்று தொடங்கியிருந்தாள். தன் அம்மா, ராபர்ட்டின் மனைவி, தொண்ணூறு வயதில் இன்னும் இருக்கிறார். இதெல்லாம் அவர் காதுக்குப் போகக் கூடாது. தன் அப்பா கண்ணியமானவர், அந்தக் காலத்துத் தோட்டங்களில் பேச்சுகள் பலவிதமாக இருந்திருக்கும். கடைசியில் எழுதியிருந்ததை அக்கா எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ‘பதிவில் இருப்பதை மட்டுமே நாம் எடுத்துக்கொள்ள முடியும் என்பது மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத் தெரியும். உங்கள் பிறப்புப் பத்திரத்தில் திரு. வீரமுத்துவின் பெயர் இருக்கிறது.’

மோகனா கொதித்துப் போனாள். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் போதும், மரபணுப் பரிசோதனை செய்து சொல்லிவிடுவார்கள், ஆர்டர் பண்ணட்டுமா என்றாள்.

“வேணாம்,” என்றார் அக்கா.

“ஏம்மா? நிரூபிச்சிரலாம்லா!”

“இசபெலு எச்சி துப்பிக் காட்டினாளா? வாயத் தொறந்து சொன்னா, எழுதிக்கிட்டாங்க. நான் துப்பிக் காட்டணுமா?”

அதோடு அந்தப் பேச்சு நின்றது. மார்கரெட்டின் கடிதத்துக்கு அக்கா பதில் போடவில்லை.

மறு வருஷம் புத்தகம் தபாலில் வந்தது. கெட்டி அட்டை, நல்ல காகிதம். நான் போனபோது அக்கா மேசையில் விரித்து வைத்துப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். பதினாலாம் பக்கத்தில் ஒரு வருஷம் தப்பாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தார். இசபெலுக்கு இருபத்தெட்டுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் ‘பழைய கையெழுத்துகளை வாசிப்பதில் உதவிய மலேசிய நண்பர்’ என்று போட்டு அக்காவின் பெயர். அதில் ஓர் எழுத்துப் பிழை. கடைசியில் மடித்து வைத்த பெரிய தாளில் வம்ச மரம். ஏழு தலைமுறை. ராபர்ட்டுக்குக் கீழே மார்கரெட், அவளுடைய தம்பி. அவ்வளவுதான். அது எதிர்பார்த்ததுதான் என்பது போல அக்கா அதைப் பார்த்துவிட்டு மடித்துவிட்டார்.

மலாயா அத்தியாயத்தில் அந்தப் பெரட்டுக்களத்துப் படம் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் பெயர்கள். அக்கா எழுதி அனுப்பிய அதே வரிசை. முதல் மூன்று பேர் பெயர் சரியாக இருந்தது. ஐந்தாவது, ஆறாவது ஆளின் பெயரும் இருந்தது. நாலாவது இடத்தில், ‘பெயர் தெரியாத பெண்’.

பென்சிலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். எழுதப் போகிறார் என்று நினைத்தேன். எழுதவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். துணி காயப்போடுகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

திரும்பி வந்து, “மறந்து போயிருந்தா மன்னிச்சிருவேன் புவனேஸ்,” என்றார். “இது மறதி இல்ல. கைய வச்சி அழிச்சிருக்கா.”

மறு வாரம் என்னைச் சிரம்பானுக்குக் காரில் கூட்டிப் போகச் சொன்னார். சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதி, அதற்கு அதிகாரம் உள்ளவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கடைவீதி மாடியில் புனிதன் என்பவர் அந்த வேலை பார்த்தார். அக்கா கொண்டுபோன தாளை வாங்கிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. மொத வரியில திலகவதி, வீரமுத்து மகள்ங்கிறீங்க. மூணாவது வரியில அப்பா பேரு ராபர்ட் ரெனிங்கிறீங்க. எது சத்தியம்?”

“மொத வரி ஐசியில, அடையாளக் கார்டுல இருக்கிறது. மூணாவது வரி நெசம்.”

“ஆதாரம் ஏதாச்சும்?”

“அதுக்குத்தான் சத்தியம் பண்ணுறேன். ஆதாரம் இருந்தா எதுக்கு ஒங்ககிட்ட வரேன்? சாப்பு அடிங்க தம்பி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முத்திரை அடித்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன்.

திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னார். “ரெனி வீட்ல ஏழு தலமொற கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். வீரமுத்துவோட அப்பா பேரக் கேட்டா தெரியாது. எந்த ஊர்லேருந்து கப்பல் ஏறினாங்கன்னு தெரியாது.”

“தேடிப் பாக்கலாமேக்கா.”

“ஆச இல்ல. பொய் சொல்ல மாட்டேன். அந்தாளு எங்கம்மாள அடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. பேரக் குடுத்தான், அத வச்சே அடிச்சான்.” கொஞ்ச தூரம் போனதும், “இந்தத் தொர பேரக் குடுக்காமலே அடிச்சிட்டான்,” என்றார்.

அந்தப் பிரமாணத்தின் நகலை ஆர்ட்பின்னி வட்டாரத்துக் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். மார்கரெட்டின் புத்தகம் அவர்கள் நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று இணையத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தோடு இந்தத் தாளையும் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அவர்கள் மறுக்கவில்லை. தாளைப் பெற்றுக்கொண்டோம், நன்றி. ஆனால் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்க எங்கள் விதி இடம் கொடுக்காது. தங்கள் காலத்துக்குப் பிறகு, இறப்புப் பத்திரத்தின் நகலை யாராவது அனுப்பி வைத்தால், அந்தத் தாள் வாசகர்களுக்குத் திறந்துவிடப்படும்.

அக்கா கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, “செத்துட்டு வான்றாங்க,” என்றார். மோகனாவிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். மோகனா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நகலைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்காவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சனிக்கிழமை போனால் கோயில் திருவிழா, மோகனாவின் வேலை, செம்பனைத் தோட்டத்தில் யானை வந்தது என்று பேசுவோம். ரெனி பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. மேசை சுத்தமாக இருக்கிறது. புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை போனபோது லேப்டாப் திறந்திருந்தது. மார்கரெட்டிடமிருந்து கடிதம். அந்த இடைவெளியே இல்லாதது மாதிரி எழுதியிருந்தாள். அம்மா காலமாகிவிட்டார். புத்தகத்துக்கு நல்ல வரவேற்பு, இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, அம்மா வழிக் குடும்பத்தையும் சேர்க்கப் போகிறாள். அவர்களுடைய ஊர்ப் பதிவேட்டில் ஒரு பக்கம் இங்கே யாருக்கும் விளங்கவில்லை. உங்களைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது என்று நினைக்கிறேன், இணைப்பைப் பாருங்கள். அவள் அம்மா போன பிறகாவது அந்த மற்ற விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்குமா என்று நான் அந்தக் கடிதத்தில் தேடினேன். இல்லை.

“பதில் போடாதீங்கக்கா,” என்றேன்.

“போடல.”

“படத்தையும் தொறக்காதீங்க.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்தது போதும் என்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தொறந்துட்டேன்,” என்றார். “பாத்த ஒடனே வாசிச்சிட்டேன். நாலாவது வரி, ஆக்னஸ்னு பேரு, ரெண்டு வயசு, பெரியம்மையில செத்துருக்கு. மூடிட்டேன். மூடினப்புறமும் அந்த வரி அப்படியே நிக்கிது. அதான் எரிச்சலா இருக்கு புவனேஸ்.”